செத்த போனில் ஒரு மீட்டிங்

பொய் சொல்லுகிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். இங்கிலீஷில் பொய் சொல்லுகிறவனுக்கு அதோடு இலக்கணமும் வேண்டும். இரண்டிலும் அரைகுறையாக இருந்த ஒரு மனிதர் அந்தக் காரியத்தில் இறங்கினார். இறங்கினவர் கரையேறினாரா என்பதுதான் கதை. பயந்த சுபாவமுள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு கேட்கலாம். இருட்டில் நடந்த கதை இல்லை இது. பட்டப்பகலில், சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் நடந்தது. அதுதான் இன்னும் மோசம்.

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. லிஃப்டை அவர் தொடமாட்டார். எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று நேரம் ஒதுக்குவதுதான் அவர் வேலை. மெக்கானிக்குகள் அவருக்கு 'நேரக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊரிலுள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் நேரம் ஒதுக்குகிறவர், கொல்லையில் ஒழுகிக்கொண்டிருந்த ஒரே ஒரு குழாய்க்கு நேரம் ஒதுக்கவில்லை என்பது அவர் மனைவியின் நெடுநாளைய குறை. "பாக்கறேன், பாக்கறேன்" என்பார். பார்ப்பார். குழாயும் அவரைப் பார்க்கும். டொக் என்று ஒரு சொட்டு விடும்.

குடியிருந்தது வாடகை வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் வாசலறை, பிறகு கூடம், பிறகு சமையலறை, கடைசியில் கொல்லையை ஒட்டி ஒரு பின்னறை. பின்னறைக்குள் நேரக்காரர் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. அங்கே பேய் பிசாசு ஒன்றுமில்லை. துடைப்பம் இருந்தது. வாளியும் தரை துடைக்கும் துணியும் இருந்தன. பேய் வீட்டைக்கூட எட்டிப் பார்த்துவிடுவார். துடைப்பம் இருக்கிற அறையைப் பார்க்கமாட்டார்.

வாசலறைதான் அவர் ராஜ்ஜியம். வீட்டிலேயே உள்தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான். அதில் ஒரு சாய்வு நாற்காலி. கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியதிலிருந்து வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ஒரு மீட்டிங், கம்ப்யூட்டரில், இங்கிலீஷில். அதில் இவர் 'எஸ்' என்றும் 'ஷ்யூர்' என்றும் மாற்றி மாற்றிச் சொல்வார். மத்தியானம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்தால், அந்தத் தூக்கத்துக்கு ஈடு இணை கிடையாது.

அப்படிப்பட்ட ராஜ்ஜியத்துக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது.

"ஏங்க, அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளைக்குன்னா? அப்பாங்க. விருந்தாளி இல்ல."

மாமனார் ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். மனைவி போன பிறகு நாலாவது மாடியில் தனியாக இருந்தார். போன வாரம் படிக்கட்டில் கால் மடங்கி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், யாராவது வரும்வரை ஒரு படியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். மத்தியானம் முழுக்க. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஓடவில்லை. அதற்கு ஆள் அனுப்ப நேரம் ஒதுக்க வேண்டியவர் யார் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் அவரைப் பார்த்தாள்.

படியில் உட்கார்ந்திருந்த கிழவரை நினைத்தபோது நேரக்காரருக்கும் மனசு என்னவோ செய்தது. ஆனால் மாமனார் இன்னும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. மத்தியானத்தில் தூங்குகிறவர்களைக் கண்டால் ஊதுவார். அதை நினைத்ததும் மனசு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"வரட்டும், வேண்டாம்னு யாரு சொன்னா? ஆனா எந்த ரூம்ல வைப்ப? வாசலறைல எனக்கு மீட்டிங் நடக்குதே."

"அது காலைலதான?"

"இப்ப மத்தியானமும் இருக்கு. தலைமை ஆபீஸ் வெளிநாட்டுல. நம்ம மத்தியானத்துலதான் அவங்களுக்கு விடியுது."

"இத்தனை நாள் அவங்களுக்கு விடியவே இல்லையா?"

அவர் வாசலறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். அன்றைக்கே ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தார். இனித் தினமும் மத்தியானம் மீட்டிங் நடக்கும். கதவுக்கு வெளியே கேட்கும்படி நடக்கும். இங்கிலீஷில் நடக்கும். பத்து நிமிஷம் பேசிவிட்டுத் தூங்கிக்கொள்ளலாம். பேசுவது அவளுக்குப் புரியாது. புரியாது என்று எப்படித் தெரியும்? அவள் அவரிடம் ஒரு நாளும் இங்கிலீஷில் பேசியதில்லையே. கல்யாணம் பேசியபோது, பெண் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னார்கள். என்ன ஆபீஸ் என்று அவர் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

முதல் மீட்டிங்கை மொபைலில் நடத்தினார். காதில் வைத்துக்கொண்டு, "எஸ், எஸ், தி ஷெட்யூல் இஸ் வெரி டைட்" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். நடுவில் காதிலேயே மொபைல் மணி அடித்தது. சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டிருந்தாள், தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லி. கதவைத் திறந்து வெளியே வந்தவரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. "பேசிட்டிருக்கும்போதே மணி அடிக்கிற போன் இப்பதான் வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே மொபைல் ஆகாது. அப்போதுதான் அவர் பார்வை சுவரில் இருந்த போன் மேல் விழுந்தது.

அது வீட்டோடு வந்த போன். முன்பு அந்த வீட்டில் ஒரு பல் டாக்டர் வைத்தியம் பார்த்தார். வாசலறைதான் அவர் நோயாளிகளைப் பார்த்த இடம். டாக்டர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. சுவரில் திருகி வைத்த அந்தக் கறுப்புப் போனை மட்டும் வீட்டுக்காரர் எடுக்கவில்லை. எடுத்தால் சுவரும் கூட வந்துவிடும் என்றார். வெளியே தெருக்கம்பத்துக்குப் போகிற கம்பியை எப்போதோ வெட்டிவிட்டார்கள். அதன் நுனி ஜன்னலுக்கு வெளியே எலிவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இனி ஆபீஸ் பேச்செல்லாம் இதில்தான் என்று மனைவியிடம் அறிவித்தார்.

"அது செத்த போனாச்சே?"

"உயிர் குடுத்துட்டாங்க."

"அப்படியா," என்றாள் அவள். சற்று யோசித்துவிட்டு, "நல்லதுதான்," என்றாள்.

ஒரு வாரம் எல்லாம் சுகமாக நடந்தது. செத்த போனைக் காதில் வைத்து, இல்லாத ஆட்களிடம், நடக்காத மீட்டிங்குகளுக்கு நேரம் குறிப்பார். பிறகு தூங்குவார். ஒரே ஒரு சங்கடம், டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. பாட்டரி எங்கே என்றால் வேறு வேலைக்கு எடுத்தேன் என்றாள். மனிதனுக்கு மத்தியானத் தூக்கம் இருக்கும்போது ரிமோட் என்ன பெரிய விஷயம்.

அதற்கடுத்த வாரம், மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம். காற்றே இல்லை. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. நேரக்காரர் ரிசீவரை எடுத்தார். வழக்கத்துக்கு மாறாக உள்ளே ஏதோ ஒரு மெல்லிய இரைச்சல், காதில் சங்கை வைத்த மாதிரி. மழைக்காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஹலோ. எஸ். ஐ ஆம் ஹேவிங் மீட்டிங் இன் மண்டே."

"ஆன் மண்டே," என்றது போன்.

ரிசீவர் கையில் அப்படியே நின்றது. அவரும் அப்படியே நின்றார். குரல் ஒரு பெண்ணுடையது. மெல்லிய, ஈரமில்லாத, பவுடர் போட்ட மாதிரியான குரல். அதற்குப் பின்னால், தூரத்தில், டொக் என்று ஒரு சொட்டு விழுகிற சத்தம்.

"ஐ ஆம் ஹேவிங் எ மீட்டிங் ஆன் மண்டே," என்றது குரல், குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு. "ப்ளீஸ் ரிப்பீட்."

அவர் ரிப்பீட் செய்தார். எதற்காகச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. செய்துவிட்டு ரிசீவரைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பாய்ந்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. மல்லுக்கட்டித் திறந்துகொண்டு ஓடியபோது மனைவி சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மீட்டிங் முடிஞ்சுதா?"

"அந்தப் போன்ல யாரோ பேசறாங்க."

"போன்னா பேசத்தான செய்வாங்க?"

என்ன சொல்வார்? அது செத்த போன், அதில் பேச்சுக் கேட்கக் கூடாது என்றால், இத்தனை நாள் யாரிடம் பேசினீர்கள் என்பாள். தன் பொய்யைத் தானே விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்ட நிலை. "சத்தம் சரியா இல்ல, நீ ஒரு தடவை கேட்டுப் பாரு" என்று அவளை அழைத்துப் போய்க் காதில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவரும் கேட்டார். இரைச்சல் இருந்தது. குரல் இல்லை. சொட்டுகூட எங்கோ கிணற்றடியில் விழுகிற மாதிரிதான் கேட்டது.

"ஒண்ணும் இல்லையே. நீங்க தனியா இருந்தாத்தான் பேசுவாங்க போல," என்று சொல்லிவிட்டுப் பீன்ஸுக்குத் திரும்பினாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் முதுகில் எறும்பு ஊர்ந்தது.

மறுநாள் எதிர்வீட்டு டெய்லரிடம் போய்ச் சட்டைக்குப் பொத்தான் வைக்கிற சாக்கில் நின்றார். டெய்லர் அந்தத் தெருவில் பழைய ஆள். பல் டாக்டரைப் பற்றிக் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டார்.

"டாக்டர் நல்ல மனுஷன் சார். ஆனா டாக்டரை விட அந்தம்மாதான் கெட்டி."

"எந்தம்மா?"

"போன் எடுக்கற அம்மா. நேரம் குடுக்கறது அவங்கதான். அஞ்சு மணின்னா அஞ்சு மணி. அஞ்சு நிமிஷம் பிந்திப் போனா, வலியோட வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பேசறதெல்லாம் இங்கிலீஷ்லதான். மெதுவாத்தான் பேசுவாங்க. வயிறு கலங்கும்."

"அவங்க எங்க இப்ப?"

டெய்லர் நூலை வாயில் கடித்து அறுத்தார். டாக்டர் போன பிறகும் அந்தம்மா தினமும் வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். போன் அடித்தால் எடுத்து நேரம் கொடுப்பாராம். அந்த நேரத்துக்கு ஆட்கள் வருவார்கள், டாக்டர் இல்லை என்று தெரிந்து போவார்கள். கம்பியை வெட்டின பிறகும் வந்தார். மணி அடிக்காத போனை எடுத்து நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் வரவில்லை.

"உங்க வீட்டம்மாகிட்டகூட இந்தக் கதையைச் சொன்னேனே சார், திரை தைக்கக் குடுக்க வந்தப்ப. அவங்க சிரிச்சாங்க. தைரியசாலி."

நேரக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையை வாங்கிக்கொள்ள மறந்துபோய் வீட்டுக்கு வந்தார்.

இனி அந்தப் போன் பக்கமே போகக் கூடாது என்று நினைத்தார். ஆனால் மீட்டிங் இல்லை என்றால் அறை போய்விடும். அறையில் இருந்தால் போன் இருக்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இவர் வெட்டின கிணற்றில் புறப்பட்ட பூதம் இலக்கணம் தெரிந்த பூதம். அதுதான் வித்தியாசம்.

ஆகவே மத்தியானமானால் ரிசீவரை எடுப்பார். "குட் ஆஃப்டர்நூன்," என்னும் குரல். "வாட் இஸ் தி ஷெட்யூல் டுடே?" இவர் ஏதாவது உளறுவார். அது திருத்தும். மீட்டிங் நாளைக்கு நடக்கும் என்பதை எப்படிச் சொல்வது, தள்ளிப்போனால் எப்படிச் சொல்வது, முந்தி நடந்தால் எப்படி, நேரத்துக்கு முன்னால் எது, கிழமைக்கு முன்னால் எது. கோபப்படாது. சத்தம் உயர்த்தாது. தப்புச் செய்தால் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தில் டொக் என்று ஒரு சொட்டு விழும். டாக்டரின் நோயாளிகள் வாய் கொப்புளித்த தொட்டி அது என்று நேரக்காரர் தீர்மானித்துவிட்டார். சொட்டு விழும்போதெல்லாம் அவருக்குக் கடைவாய்ப் பல் கூசியது.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஆபீஸில் அவர் மதிப்பு ஏறியது. காலை மீட்டிங்கில் ஒரு நாள் 'எஸ்', 'ஷ்யூர்' தாண்டி, "தி இன்ஸ்பெக்ஷன் ஹாஸ் பீன் மூவ்ட் டு தர்ஸ்டே" என்று சொல்லிவிட்டார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யார் பேசியது என்று பார்த்தார். பாராட்டினார். யாரிடம் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நேரக்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். உயிரோடு இல்லாதவரிடம் பாடம் கேட்கிறேன் என்று எந்த வாக்கிய அமைப்பில் சொல்வது?

வீட்டில் தூக்கம் போயிற்று. மத்தியானத்தில் கண்ணை மூடினால் சொட்டு கேட்கிறது. முகம் வாடியதைப் பார்த்து மனைவி, மீட்டிங் அதிகமா என்று பரிவாகக் கேட்டாள். ஆமாம் என்றார். அது ஒன்றுதான் அந்த வீட்டில் அவர் சொன்ன முழு உண்மை.

பிறகு குரல் வேறு விஷயங்கள் பேச ஆரம்பித்தது.

"யூ வேர் ஸ்லீப்பிங் அட் த்ரீ யெஸ்டர்டே," என்றது ஒரு நாள்.

கதவு தாழிட்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அசதியில் அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தது உண்மை. குறட்டை சுவரைத் தாண்டும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"யூ ப்ராமிஸ்ட் டு ரிப்பேர் சம்திங்," என்றது இன்னொரு நாள். சொட்டு விழுந்தது. "யூ ஹேவ் நாட் டன் இட்."

வாழ்க்கையில் எத்தனையோ லிஃப்டுகளை ரிப்பேர் செய்வதாக வாக்குக் கொடுத்தவர் அவர். எந்த லிஃப்ட், அதில் யார் மாட்டிக்கொண்டார்கள், அந்தம்மா ஒருவேளை அப்படித்தான்... மேலே நினைக்க முடியவில்லை. ரிசீவரை மாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது நடந்தது. அன்றைக்கும் வானம் மூடியிருந்தது. அறைக்குள் விளக்குப் போட்டும் மூலைகளில் வெளிச்சம் போகவில்லை. ரிசீவரை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். அப்போது சுவரில் இருந்த போன், எத்தனையோ வருஷமாக அடிக்காத போன், கிர்ர் என்று ஒரு முறை, தொண்டையில் சளி கட்டினவர் கனைக்கிற மாதிரி அடித்தது.

எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"தேர் இஸ் எ மீட்டிங் ஆன் சன்டே அட் டென்," என்றது குரல். "தி ஜென்டில்மேன் இஸ் அரைவிங். ஹி வில் பி யூசிங் திஸ் ரூம்."

யார் அந்த ஜென்டில்மேன் என்று கேட்க வேண்டியதில்லை. அறைக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான், காலமான பல் டாக்டர். அவர் சுவரிலிருந்து போன்கூட இன்னும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் தன் அறைக்கு வருகிறார்.

ரிசீவரை வைத்துவிடத்தான் பார்த்தார். ஆனாலும் பழக்கதோஷம், ஒரு கேள்வி வெளியே வந்துவிட்டது, அதுவும் இலக்கணச் சுத்தமாக: "ஃபார் ஹவ் மெனி டேஸ்?"

டொக்.

"ஹி இஸ் நாட் எ கெஸ்ட்," என்றது குரல்.

நேரக்காரர் தாழ்ப்பாளைத் திறந்தாரா, பெயர்த்தாரா என்று தெரியாது. கூடத்தைத் தாண்டிச் சமையலறை வாசலில் போய் நின்றார். மனைவி கொல்லைப்பக்கமிருந்து காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"இங்க பாரு. உங்கப்பாவை உடனே வரச்சொல்லு."

"எங்கப்பாவையா?"

"பாவம், படியில உக்காந்திருந்தாரே மனுஷன். நான் கல்நெஞ்சக்காரனா? வாசலறைய அவருக்குக் குடுத்துடு. நாளைக்கே வரட்டும். வேற யாரும் வர்றதுக்குள்ள வரட்டும்."

"வேற யாருங்க வரப்போறா?"

"யாரும் இல்ல. காத்தோட்டமான ரூம்னு சொன்னேன்."

"உங்க மீட்டிங்?"

"சமையக்கட்டுல வச்சுக்கறேன். பீன்ஸ் நறுக்கிக்கிட்டே பேசறேன்."

அவள் துணிகளை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்தாள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாள். அவர் கெஞ்சினார். உங்கள் வேலை கெட்டுவிடுமே என்றாள். வேலை கிடக்கட்டும் என்றார். கடைசியில், நீங்கள் இவ்வளவு வற்புறுத்தினால் நான் என்ன செய்வது என்று பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டாள். நேரக்காரர் நன்றி சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

நாளைக்கு அப்பாவுக்குத் தோதுப்படாது, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்று அவள் சொன்னாள். பத்து மணிக்குள் வந்துவிடச் சொல் என்றார். பார்க்கலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நேரக்காரர் கூடத்தில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணி வரை மாமனார் வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. வாசல் கதவில் பதித்திருந்த மங்கல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்துக் கடிகாரம் பத்து அடித்தது. கடைசி மணி அடங்குவதற்குள் கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் எழுந்தது. உயரமான நிழல். ஒரு காலை இழுத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, மெள்ள, மெள்ள, சொந்த வீட்டுக்கு வருகிற நிதானத்தோடு வந்தது. நின்றது.

பிறகு விசில் ஊதியது.

"கதவைத் திறங்க மாப்பிள்ளை. பத்து மணிக்குக்கூடவா தூக்கம்?" என்றார் மாமனார்.

நேரக்காரர் கதவைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் விசில் சத்தம் அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. மாமனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிழவருக்கே கூச்சமாகிவிட்டது. பெட்டியைத் தூக்கினார். கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். அப்போதுதான் அவருக்கு மெல்ல, ஒவ்வொரு மாடியாக நின்று நின்று ஏறுகிற லிஃப்ட் மாதிரி, ஒன்று உறைக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி. ஜென்டில்மேன். விருந்தாளி இல்லை.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்து முழங்காலுக்கு அணைப்பாக ஒரு தலையணையை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"அப்பா கொஞ்சம் உக்காரட்டும். அதுக்குள்ள ரூமைப் பெருக்கிடுங்க. துடைப்பம் பின்னறையில இருக்கு."

போனார். அந்த வீட்டில் முதல் தடவையாகப் பின்னறைக் கதவைத் தள்ளினார்.

துடைப்பம் இருந்தது. வாளி இருந்தது. தரை துடைக்கும் துணி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொல்லைக் குழாய், அவர் இன்றைக்கும் நாளைக்கும் என்று தள்ளிப்போட்ட குழாய், டொக் என்று ஒரு சொட்டு விட்டது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், வாசலறையில் இருப்பதன் உடன்பிறப்பு, ஒரு கறுப்புப் போன் இருந்தது. அந்தக் காலத்தில் டாக்டர் முன்னாலிருந்து பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூப்பிட வைத்திருந்தது. தெருவுக்குப் போகிற கம்பியைத்தான் வெட்டியிருந்தார்களே தவிர, வீட்டுக்குள்ளேயே ஓடுகிற கம்பியை யாரும் தொடவில்லை. போனுக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்று திறந்திருந்தது. அதற்குள் டிவி ரிமோட்டின் பாட்டரிகள் பத்திரமாகப் படுத்திருந்தன. கீழே ஒரு முக்காலி, அதன் மேல் மெத்தை. சௌகரியமாக உட்கார்ந்துதான் பேசியிருக்கிறாள்.

வாசற்படியில் நிழல் விழுந்தது. அவள் வந்து நின்றாள்.

"பயந்துட்டீங்களா?"

"நீ... நீ எப்படி இங்கிலீஷ்ல..."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பெரிய ஆஸ்பத்திரில அத்தனை டாக்டருக்கும் நேரம் குடுத்திட்டிருந்தது நான்தாங்க. நாள் முழுக்க போன்தான். நீங்க லிஃப்டுக்குக் குடுக்கறீங்க, நான் மனுஷங்களுக்குக் குடுத்தேன். இத்தனை வருஷத்துல, என்ன வேலை பாத்தேன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

அவர் கேட்டதில்லை.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றாருன்னேன், வந்துட்டாரு. பொய் சொன்னது வாசலறைக்காரர்தான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேரக்காரர் துடைப்பத்தை எடுத்தார். அதன் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரில் இருந்த போன் கிர்ர் என்று கனைத்தது. விஷயம் எல்லாம் தெரிந்த பிறகும், அந்தச் சத்தத்துக்கு அவர் முதுகு ஒரு தரம் சிலிர்த்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"குட் மார்னிங்," என்றது அதே குரல், மெல்ல, பவுடர் போட்ட மாதிரி. "யூ ஆர் ஸ்வீப்பிங் தி ரூம் அட் லெவன். யூ ஆர் ரிப்பேரிங் தி வாட்டர் டேப் அட் ட்வெல்வ். அண்ட் ஃப்ரம் நவ் ஆன், யூ வில் பி ஸ்வீப்பிங் எவ்ரி சன்டே."

நேரக்காரர் அந்த மூன்று வாக்கியங்களையும் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நழுவிக்கொள்ள ஒரு பிழைகூட இல்லை.